அட்மிரல் போட்ட கட்டம்: குறுக்கெழுத்துக்குள் இத்தனை இருக்கிறது, தெரியுமா?

இந்தியக் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் யார்? போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்: ராம் தாஸ் கட்டாரி. சரி, ‘தி இந்து’ ஆங்கில நாளிதழுக்குக் குறுக்கெழுத்துப் போட்ட முதல் ஆள் யார்? அதற்கும் விடை அதே ராம் தாஸ் கட்டாரிதான்! இது தெரியுமா உங்களுக்கு?

நம் செங்கல்பட்டில் 1911 அக்டோபர் 8ஆம் தேதி பிறந்தவர் அவர். பம்பாயில் ‘டஃப்ரின்’ பயிற்சிக் கப்பல் தொடங்கப்பட்டபோது அதில் சேர்ந்த முதல் அணி மாணவர்களில் ஒருவர். 1958 ஏப்ரல் 22 அன்று ஸ்டீபன் கார்லில் என்ற ஆங்கிலேய அதிகாரியிடமிருந்து கடற்படைத் தலைமைப் பொறுப்பை வாங்கிக்கொண்டார். சுதந்திரம் வந்து பத்து வருஷத்துக்குப் பிறகும் நம் கடற்படைக்கு வெள்ளைக்காரர்தான் தலைவராக இருந்தார் என்பதே பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் 1961இல் படையில் சேர்ந்ததும், அந்த வருஷக் கடைசியில் கோவா விடுதலைக்கு நம் போர்க்கப்பல்கள் போனதும் இவர் பொறுப்பில் இருந்த காலத்தில்தான். ஓய்வுக்குப் பிறகு பர்மாவில் இந்தியத் தூதர். அதுவும் முடிந்து செகந்திராபாத்தில் வீடு. 1971இல் இந்து நாளிதழ் குறுக்கெழுத்தைத் தொடங்கியபோது, ஹைதராபாத்தின் இரட்டை நகரமான அந்தச் செகந்திராபாத்திலிருந்துதான் கட்டங்கள் புறப்பட்டன! மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் காலைக் காப்பியோடு பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேருக்குத் தங்களை மடக்குவது ஒரு முன்னாள் கடற்படைத் தலைவர் என்று தெரிந்திருக்கும்? 1982இல் தன் வாழ்க்கை வரலாற்றை ‘எ செய்லர் ரிமெம்பர்ஸ்’ என்ற புத்தகமாகக் கொண்டுவந்தார். மறு வருஷம் ஜனவரியில் காலமானார். கோல்கொண்டா, சார்மினார், பிரியாணி என்று ஹைதராபாத்தின் பெருமைகளை அடுக்குகிறவர்கள் இந்தப் பெயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

கப்பலுக்கும் கட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? உலகத்திலேயே மிக அதிகமாகக் குறுக்கெழுத்துப் போட்டவர் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறிய ராஜர் ஸ்குவயர்ஸும் கடற்படைக்காரர்தான்! 1961இல் இலங்கைக் கடலில் அவர் சென்ற ‘கேனட்’ விமானம் விழுந்து மூழ்கியது. சுமார் 60 அடி ஆழத்திலிருந்து வெளியேறி, நீந்தி மேலே வந்து பிழைத்தார். அப்படிப் பிழைத்த மனிதர் பிற்பாடு எழுதிய குறிப்புகளின் எண்ணிக்கை 20 லட்சத்தைத் தாண்டியது! வேல்ஸ் நாட்டில் ஓர் ஊருக்கு ஆங்கில எழுத்தில் 58 எழுத்துப் பெயர் உண்டு. அதையும் 1979இல் ஒரு குறுக்கெழுத்துக்குள் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்.

குறிப்பு எங்கே பொய் சொல்கிறது?

எங்கேயும் சொல்வதில்லை! அதுதான் இந்த விளையாட்டின் அதிசயம்.

‘ஆந்திராவின் பெரிய நதி’ என்று கேட்டால் ‘கோதாவரி’ என்று எழுதுவது சாதாரணக் குறுக்கெழுத்து. தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் தெரியாது. கட்டாரி போட்டதும், இந்துவில் இன்றுவரை ‘கிரிட்மேன்’, ‘ஆர்டன்’, ‘பஸ்ஸர்’ என்றெல்லாம் புனைபெயர் வைத்துக்கொண்டவர்கள் போட்டுவந்ததும் வேறு வகை. கிரிப்டிக் என்பார்கள். அதில் ஒவ்வொரு குறிப்பும் ஒரு குட்டிக் கதை மாதிரி இருக்கும். கதையை நம்பினால் தொலைந்தீர்கள். கதைக்குள் இரண்டு துண்டுகள் ஒட்டவைக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டு விடையின் பொருள். இன்னொன்று விடையைச் செய்யும் முறை. பொருள் எப்போதும் குறிப்பின் ஒரு முனையில்தான் இருக்கும், தலையிலோ வாலிலோ. நடுவில் இருக்காது. இதைத் தெரிந்துகொண்டாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி!

தமிழிலேயே பார்த்துவிடுவோம். நானே கட்டிய சில குறிப்புகள்:

நரகம் கலைந்தால் ஹைதராபாத் போன்றது (4)

முதலில் ஊர்க் குறை பேசுகிற மாதிரி இருக்கிறது. கதையை விடுங்கள். ‘கலைந்தால்’ என்பது கட்டளை: முன்னால் இருக்கும் சொல்லின் எழுத்துகளைக் கலைத்துப் போடு. ந, ர, க, ம். கலைத்து அடுக்கினால் ந, க, ர, ம். ஹைதராபாத் போன்றது எது? நகரம்! வாலில் பொருள், தலையில் செய்முறை.

வந்தவளை ஓரளவு கவனி, குளத்தில் குதிக்கும் (3)

வந்தவள் யார், ஏன் குளத்தில் குதிக்கிறாள் என்று பதறாதீர்கள். ‘வந்தவளை’ என்ற எழுத்துக்கூட்டத்தில் ஓரளவை மட்டும் கவனியுங்கள். வ, ந், அதற்கப்புறம்? தவளை! குளத்தில் குதிக்கும் தவளை சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, பார்த்தீர்களா! மறைக்கவே இல்லை. கண்ணுக்கு நேரே அச்சில் இருக்கிறது. மனசுதான் வந்தவளைப் பார்க்கிறது, தவளையைப் பார்ப்பதில்லை.

திரும்பி வந்த மாலா திபெத்துத் துறவி ஆனாள் (2)

மாலாவைத் திருப்புங்கள். லாமா!

விழியோடு மாதம் சேர முகம் தெரியும் (4)

விழி என்றால் கண். மாதம் எது? ஆடி. இரண்டும் சேர்ந்தால் கண்ணாடி. முகம் தெரிகிறதல்லவா? இங்கே ஒரு விசேஷம் கவனியுங்கள். ‘கண்’ என்பதற்குப் பின்னால் ‘ஆடி’ வந்ததும் ‘ண்’ இரட்டித்துவிட்டது. ஆங்கிலத்தில் துண்டுகளை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். நமக்குப் புணர்ச்சி விதி உண்டு. சேரும் இடத்தில் ஓர் எழுத்து முளைக்கலாம், ஒன்று மறையலாம், ஒன்று திரியலாம். பள்ளிக்கூடத்தில் கசந்த நன்னூல் விதி இங்கே எப்படி இனிக்கிறது பாருங்கள்!

ஞாயிறு போனால் வரும் (4)

சூரியன் போனால் வருவதும் திங்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் வருவதும் திங்கள். இங்கே செய்முறைக்குப் பதில் இன்னொரு பொருள், எப்படிப் படித்தாலும் அதே விடை.

இன்னொரு ரகசியம். ஆங்கிலப் புதிர் நூல்களில் இது கிடைக்காது, தமிழில் கட்டிப் பார்த்தால்தான் தெரியும். நம் மொழியில் பெயர்ச்சொல் வேற்றுமை உருபு ஏற்றால் உருவம் மாறும். ‘நரகம்’ என்பது ‘நரகத்தில்’, ‘நரகத்தை’ என்று ஆனால் மகர மெய் காணாமல் போய்விடும், எழுத்துகளைக் கலைத்து விளையாட முடியாது. அதனால் புதிர் கட்டுபவர் கலைக்க வேண்டிய சொல்லை உருபு இல்லாமல் மொட்டையாக நிறுத்தியே ஆக வேண்டும். ஆகவே ஒரு தமிழ்க் குறிப்பில் ‘இங்கே ஐ-யோ கு-வோ இருந்தால் இயல்பாக இருக்குமே’ என்று தோன்றும் இடத்தில் பெயர்ச்சொல் மொட்டையாக நின்றால், சந்தேகப்படுங்கள்! பெரும்பாலும் சரக்கு அங்கேதான் இருக்கும். கலை, சிதறு, குழம்பு, ஆடு, உடை என்ற சாயலில் ஒரு வினை பக்கத்தில் நின்றால் சந்தேகமே வேண்டாம். ‘திரும்பி’, ‘பின்னோக்கி’, மேலிருந்து கீழ் குறிப்பானால் ‘ஏறி’ என்றெல்லாம் வந்தால் தலைகீழாக்குங்கள். ‘தலை போன’, ‘கடைசியில்லா’, ‘இடையில்லா’ என்று வந்தால் கத்தியை எடுங்கள், முதல் எழுத்தோ கடைசி எழுத்தோ நடு எழுத்தோ வெட்டுப்படும். காற்புள்ளியை நம்ப வேண்டாம், அது கதைக்காகப் போட்டது. ஒரு குறிப்பில் மாட்டிக்கொண்டால் அதையே முறைத்துக்கொண்டு இருக்காமல் அதைக் குறுக்கே வெட்டும் சொற்களுக்குப் போங்கள். ஓர் எழுத்து விழுந்ததும் பூட்டு தானாகத் திறக்கும் சுகம் இருக்கிறதே!

ஹைதராபாத்தில் குறுக்கெழுத்துக்குச் சட்டம் போட்டார்கள், தெரியுமா?

நிஜம்தான்! 1955ஆம் வருஷத்து 42ஆம் சட்டம், பரிசுப் போட்டிகள் சட்டம். 1956 ஏப்ரல் 1 முதல் அமல். ஆந்திரா, பம்பாய், சென்னை, ஒரிசா, உத்தரப் பிரதேசம், ஹைதராபாத் முதலிய மாநிலங்களின் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டு, ‘நீங்களே ஒரு சட்டம் இயற்றிக் கொடுங்கள்’ என்று நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டன. வந்த சட்டத்தில் முதல் ஆளாகப் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருப்பது எது தெரியுமா? குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டி! மாதத்துக்கு மொத்தப் பரிசு 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, வந்து சேரும் விடைத்தாள்கள் 2,000ஐத் தாண்டக் கூடாது, நடத்த லைசென்ஸ் வேண்டும். ஹைதராபாத் தனி மாநிலமாக இருந்தது 1956 அக்டோபர் முடியத்தான். அந்தக் கடைசி மாதங்களில் அங்கே அமலுக்கு வந்த சட்டங்களில் ஒன்று கறுப்பு வெள்ளைக் கட்டங்களைப் பற்றியது.

ஏன் இவ்வளவு கெடுபிடி? அந்தக் காலத்தில் குறுக்கெழுத்து என்றால் பணம்! நம் ஆனந்த விகடனை எஸ்.எஸ்.வாசன் 1928இல் வாங்கினார். 1930களில் விகடன் நடத்திய பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டி இதழின் விற்பனையை எங்கேயோ கொண்டுபோயிற்று. ‘இது சூதாட்டம்’ என்ற எதிர்ப்பும் கூடவே எழுந்தது. பெங்களூரிலிருந்து வந்த ‘ஸ்போர்ட்டிங் ஸ்டார்’ வார இதழில் ஆர்.எம்.டி.சி. நிறுவனத்தின் போட்டிகள் பிரசித்தம். அந்த மாதிரிப் போட்டிகளில் ஒரு கட்டத்துக்கு இரண்டு மூன்று சொற்கள் பொருந்தும். எது ‘சரி’ என்பது போட்டி நடத்துபவர் முன்கூட்டியே முத்திரை வைத்த விடையில்தான் இருக்கும். எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் குருட்டாம்போக்கில் ஒன்றை எழுத வேண்டியதுதான். மேலே நாம் பார்த்த குறிப்புகளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறதா? தவளை என்று எழுதியவர் ‘நிச்சயம் இதுதான்’ என்று சொல்ல முடியும். அங்கே அப்படிச் சொல்லவே முடியாது.

சட்டத்தை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1957 ஏப்ரல் 9 அன்று தீர்ப்பு. சட்டம் செல்லும், ஆனால் சூதாட்டத் தன்மை உள்ள போட்டிகளுக்கு மட்டும்தான் அது பொருந்தும், பெருமளவு திறமையால் வெல்லும் போட்டிகளை அது தொடாது என்றது நீதிமன்றம். அதை எழுதிய நீதிபதி யார்? டி.எல்.வெங்கடராம ஐயர்! ஆம், முத்துசாமி தீட்சிதர் கீர்த்தனைகளுக்கு அத்தாரிட்டியாக விளங்கி, டி.கே.பட்டம்மாளுக்குத் தீட்சிதர் கிருதிகள் சொல்லிக்கொடுத்து, சங்கீத கலாநிதி விருதும் பெற்ற அதே வெங்கடராம ஐயர்! திறமைக்கும் அதிர்ஷ்டத்துக்கும் நடுவே கோடு கிழிக்கும் பொறுப்பு எவ்வளவு பொருத்தமான கைக்குப் போயிருக்கிறது! அந்தக் கோடு இன்றும் அழியவில்லை. ஆன்லைன் விளையாட்டு வழக்குகளில் இப்போதும் அந்தக் குறுக்கெழுத்துத் தீர்ப்பைத்தான் எடுத்து வைத்து வாதாடுகிறார்கள். இன்னொன்று: ரம்மி ஆட்டம் திறமையைச் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சொன்ன பிரபலமான வழக்கு எங்கே முளைத்தது தெரியுமா? செகந்திராபாத்தின் ஒரு கிளப்பில்!

கட்டத்துக்குள் போரும் தேர்தலும்

1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் ஆர்தர் வின் என்பவர் போட்ட வைர வடிவப் புதிரிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம். அதில் கறுப்புக் கட்டமே கிடையாது. நடுவில் ஒரு காலி இடம், அவ்வளவுதான். இது முப்பது வருஷத்துக்குள் உலகப் போரில் போய் நிற்கும் என்று அவர் கனவிலாவது நினைத்திருப்பாரா?

1942 ஜனவரியில் லண்டன் ‘டெய்லி டெலிகிராஃப்’ ஒரு பந்தயம் வைத்தது: எங்கள் குறுக்கெழுத்தை 12 நிமிஷத்துக்குள் முடிக்க முடியுமா? சிலர் முடித்தார்கள். பிற்பாடு கலந்துகொண்டவர்களில் சிலருக்கு அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. போனால், ஜெர்மானியர்களின் சங்கேதச் செய்திகளை உடைக்கும் பிளெட்ச்லி பார்க்கில் வேலை!

1944இல் நடந்ததைக் கேட்டால் இன்னும் மயிர்க்கூச்செறியும். அதே பத்திரிகை. நேசப் படைகள் நார்மண்டியில் இறங்கத் தயாராகிக்கொண்டிருக்கின்றன. உச்சகட்ட ரகசியம். அந்த மே மாதத்திலும் ஜூன் முதல் தேதியிலும் குறுக்கெழுத்து விடைகளாக வரிசையாக வந்து விழுந்த சொற்கள்: யூட்டா, ஒமாஹா, ஓவர்லார்ட், மல்பெரி, நெப்டியூன். எல்லாமே படையெடுப்பின் ரகசியப் பெயர்கள்! உளவுத்துறை ஓடோடி வந்தது. புதிர் போட்டவர் லியனார்டு டா, ஒரு பள்ளித் தலைமையாசிரியர். விசாரித்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. 40 வருஷம் கழித்து 1984இல் அவருடைய பழைய மாணவர் ஒருவர் விளக்கம் சொன்னார்: கட்டங்களைச் சொற்களால் நிரப்பும் வேலையை ஆசிரியர் பிள்ளைகளிடம் கொடுப்பாராம். பக்கத்தில் முகாமிட்டிருந்த படைவீரர்கள் பேசிக்கொண்டதைக் கேட்ட பையன்கள் அந்தச் சொற்களைக் கட்டத்தில் போட்டுவிட்டார்களாம்!

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது 1996 நவம்பர் 5. அன்று அமெரிக்க அதிபர் தேர்தல். காலையில் வந்த ‘நியூயார்க் டைம்ஸ்’ குறுக்கெழுத்தில் ஒரு குறிப்பு: நாளைய தலைப்புச் செய்தி. வாக்குப்பதிவே முடியவில்லை, விடையை எப்படி அச்சிட முடியும்? முடியும்! ஆங்கிலத்தில் ‘கிளின்டன்’ என்றாலும் ஏழு எழுத்து, ‘பாப் டோல்’ என்றாலும் ஏழு எழுத்து. அதைக் குறுக்கே வெட்டும் சொற்கள் எல்லாம் இரண்டு பெயருக்கும் பொருந்துகிற மாதிரி அமைத்திருந்தார் ஜெரமையா ஃபேரல். ஹாலோவீன் நாளில் வரும் கறுப்புப் பிராணி எது என்று ஒரு குறிப்பு. பூனை என்றால் கிளின்டன், வவ்வால் என்றால் டோல். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதல் எழுத்து மட்டும்தான் வித்தியாசம். ‘தேர்தல் முடியும் முன் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டீர்களே’ என்று கோபப்பட்டவர்கள் இரண்டு தரப்பிலும் இருந்தார்கள்!

இந்தக் கட்டக்காரர்களின் புனைபெயர்களைக் கேட்டால் நடுக்கம் வரும். லண்டன் ‘அப்சர்வர்’ இதழில் 1926 முதல் புதிர் போட்டவர் ‘டார்க்கமாடா’. அவருக்குப் பின் ‘சிமெனிஸ்’. 1972 முதல் ‘ஏஸெட்’. மூன்றுமே ஸ்பெயினில் மதவிசாரணை நடத்திச் சித்திரவதை செய்தவர்களின் பெயர்கள். மூன்றாவது டேசா என்ற பெயரைத் திருப்பிப் போட்டது. டார்க்கமாடா 1934இல் ஒரு கொலைக் கதையை நூறு பக்கங்களாக, பக்க வரிசையைக் குலைத்து வெளியிட்டார். சரியான வரிசையைக் கண்டுபிடிக்க வேண்டும். சாத்தியமான வரிசைகளின் எண்ணிக்கை 158 இலக்க எண்! அந்தக் காலத்தில் இரண்டே பேர் விடுவித்தார்கள். அப்புறம் 2020 ஊரடங்கில் ஜான் ஃபினிமோர் என்ற எழுத்தாளர் உட்கார்ந்து விடுவித்தார்.

ஆனால் மனசைப் பிசைந்தது ‘அராக்கேரியா’. ஜான் கிரகாம் என்ற பாதிரியார்தான் அவர். ‘கார்டியன்’ வாசகர்களுக்கு அரை நூற்றாண்டாகச் செல்லம். 2013 ஜனவரியில், 91 வயதில், தனக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் வந்திருப்பதை ஒரு குறுக்கெழுத்தின் விடைகளாகவே வாசகர்களுக்குச் சொன்னார். கட்டம் நிரம்ப நிரம்பச் செய்தி தெரிந்தது. அதே வருஷம் நவம்பரில் மறைந்தார்.

மகாகவி கட்டம் போட்டார்!

தெலுங்கு நவீனக் கவிதையின் பெரும் பெயர் ஸ்ரீஸ்ரீ. ‘மகாபிரஸ்தானம்’ எழுதியவர். புரட்சிக் கவி. அவர் ‘சுவாதி’ மாத இதழுக்கு ‘பதபந்தப் பிரஹேளிகை’ என்ற பெயரில் குறுக்கெழுத்துப் போட்டார், தெரியுமா? அவருடைய உறவினரும் கவிஞருமான ஆருத்ரா, தெலுங்கு இலக்கிய வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதியவர், ‘கள்ள நுடிகட்டு’ என்று பெயரிட்டு அவரும் கட்டம் போட்டார்! இருவரும் வாழ்ந்தது நம் சென்னையில். ஆக, செகந்திராபாத்திலிருந்து ஆங்கிலக் கட்டம் சென்னைக்கு வந்துகொண்டிருந்த அதே யுகத்தில், சென்னையில் வாழ்ந்த கவிகளின் தெலுங்குக் கட்டம் ஆந்திர வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. ‘லோலிட்டா’ எழுதிய நபக்கோவும் பெர்லினில் அகதியாக இருந்த இளம் வயதில் ரஷ்ய மொழியில் குறுக்கெழுத்துப் போட்டவர்தான். கவிக்கும் கட்டத்துக்கும் எப்போதும் ஆகிவந்திருக்கிறது.

எல்லாம் தண்டியில் இருக்கிறது!

இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். வெள்ளைக்காரன் 1920களில் கண்டுபிடித்ததாகச் சொல்லும் கிரிப்டிக் உத்திகள் 12ஆம் நூற்றாண்டுத் தண்டியலங்காரத்தில் பெயரோடு வரிசையாக நிற்கின்றன! மிறைக்கவி, சித்திரகவி என்பார்கள்.

வினாவுத்தரம் என்று ஒன்று. செய்யுள் வரிசையாகச் சில கேள்விகள் கேட்கும். ஒவ்வொன்றின் விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முழுச் சொல் வரும். மேலே ‘கண்’ணையும் ‘ஆடி’யையும் சேர்த்தோமே, அதேதான். அக்கரச்சுதகம் என்று ஒன்று. ஒரு சொல்லிலிருந்து எழுத்தை ஒவ்வொன்றாக நீக்க நீக்க வேறு வேறு பொருள் கிடைக்கும். ‘தலை போன’ குறிப்பு! எழுத்து வருத்தனம் அதற்கு நேர் எதிர், எழுத்தைக் கூட்டிக் கூட்டி வளர்ப்பது. மாத்திரைச் சுருக்கம் இன்னும் நுட்பம்: நெடிலைக் குறிலாக்கினால் வேறு பொருள். காதைகரப்பும் கரந்துறைச் செய்யுளும் ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டின் எழுத்துகளை ஒளித்து வைப்பவை. நாம் ‘வந்தவளை’க்குள் ஒரு தவளையைப் பிடித்தோம். அவர்கள் ஒரு வெண்பாவுக்குள் முழுச் செய்யுளையே கரந்து வைத்தார்கள்!

இரட்டைப் பொருள் குறிப்புக்குச் சிலேடை. காளமேகத்தை மிஞ்சியா ஒருவர்? திருப்பிப் படிக்க மாலைமாற்று. ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் ஒரு பதிகம் முழுவதும், பாட்டுக்குப் பாட்டு, பின்னாலிருந்து படித்தாலும் அதே பாட்டாக வரும்படி பாடிவைத்துவிட்டார். குறுக்கும் நெடுக்குமாக எழுத்துகள் கோக்கும் கட்டம் வேண்டுமா? சுழிகுளம்! நான்கு அடி, அடிக்கு எட்டு எழுத்து. குறுக்கே படித்தாலும், நெடுக்கே சுழித்து உள்ளே போய்ப் படித்தாலும் அதே செய்யுள். சருப்பதோபத்திரம் அதையும் தாண்டி நாலு திசையிலும் படிக்க வரும். கறுப்புக் கட்டம் போட்டு இளைப்பாற இடம் தேடாமல், எல்லாக் கட்டத்தையும் நிரப்பி, யாப்பும் பிறழாமல், பொருளும் வரவைத்திருக்கிறார்கள். பல இலக்கிய வரலாறுகள் இவற்றை ‘வெறும் சொல் விளையாட்டு’ என்று ஒரு வரியில் ஒதுக்கிவிட்டுப் போகின்றன. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. விளையாடத் தெரிந்த மொழிக்குத்தான் இவ்வளவு வளைவு இருக்கும்.

தமிழ்க் கட்டம் ஆங்கிலக் கட்டத்தைவிடக் கடினமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு கட்டத்தில் விழக்கூடியவை 26 எழுத்துகள். நமக்கு 247, கிரந்த எழுத்து தனி. ‘கா’ வேறு, ‘க’ வேறு, ‘க்’ வேறு. ஆங்கிலத்தில் உயிரெழுத்து அடிக்கடி வருவதால் சொற்கள் எளிதாகக் குறுக்கே வெட்டிக்கொள்ளும். தமிழில் ‘லை’யைக் கீழே இறக்கினால் ‘லை’யை நடுவில் கொண்ட சொல்லைத் தேடி அலைய வேண்டும். புதிர் கட்டுபவருக்கு அது பெரும்பாடு. தீர்ப்பவருக்கோ அதுவே வரம்! 247இல் ஓர் எழுத்து கட்டத்தில் விழுந்துவிட்டால், மிச்சமிருக்கும் சொற்கள் ஒரு கைப்பிடிதான். அதனால் தமிழ்க் குறுக்கெழுத்தில் தெரிந்த ஒரே ஒரு சொல்லை முதலில் எழுதிவிடுங்கள், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் கட்டங்கள் மளமளவென்று இளகும்.

தமிழில் கிரிப்டிக் போடுகிறார்களா? போடுகிறார்கள்! கலிஃபோர்னியாவிலிருந்து வரும் ‘தென்றல்’ இதழில் வாஞ்சிநாதன் மாதாமாதம் கட்டிவந்த குறுக்கெழுத்துப் புதிர்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. இலக்கணம், சினிமா, சங்கப் பாட்டு, சாப்பாடு எல்லாம் ஒரே கட்டத்தில் உரசிக்கொள்ளும். வார இதழ்கள் பக்கம் ஒதுக்கினால் இன்னும் பத்துப் பேர் எழுதுவார்கள். வீட்டுக்கு வீடு பிள்ளைகள் புணர்ச்சி விதியை அடித்துப் பிடித்துக்கொண்டு கற்பார்கள்.

போவதற்கு முன் இரண்டு குறிப்புகள் உங்களுக்கு. முதலாவதற்கு ஒரு சின்ன உதவி: மா என்றால் மரம் மட்டுமல்ல.

குதிரைக்குப் பின்னே வளையம், ஆட்சியரின் எல்லை (5)

ஆசிரியர் கேட்பது, சிவன் ஏறுவது (2)